இருமி இருமி வாந்தி எடுக்கும் சி.எஃப். குழந்தை: வேலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நாங்கள் குடியாத்தத்தில் இருக்கிறோம். என் மகனுக்கு இப்போது ஒன்பது வயது. அவனுக்கு இருப்பது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (சுருக்கமாக சி.எஃப்., நுரையீரலிலும் குடலிலும் கோழை கெட்டிப்பட்டு அடைக்கும் பரம்பரை நோய்) என்று தெரிய வந்தபோது நான்கு வயது முடிந்துவிட்டது. அந்த நான்கு வருடமும் எங்கள் வீட்டில் விடிவதே இருமலோடுதான். முதலில் இரண்டு இருமல், அப்புறம் நிற்காமல் பத்து இருபது. முகம் சிவந்து கண்ணில் நீர் முட்டும். ஓங்கரிப்பான். கடைசியில் குடித்த பால் முழுக்க நூல் நூலான கோழையோடு வெளியே வந்து விழும்.

"இன்னாம்மா, புள்ளைக்குப் பால் ஒத்துக்கல போல" என்றார் மாமியார். ஒரு டாக்டர் வீசிங் என்றார். இன்னொருவர் பிரைமரி காம்ப்ளக்ஸ், அதாவது குழந்தைகளுக்கு வரும் டி.பி., என்று சொல்லி ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார். நடுவில் மூன்று முறை தொக்கம் எடுக்கக் கூட்டிக்கொண்டு போனோம். எடை மட்டும் ஏறவே இல்லை.

நாங்கள் தடுமாறிய இடங்களில் நீங்களும் தடுமாறக் கூடாது என்று இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, ஒரு அம்மா. மருந்தின் அளவை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். எதை எப்போது செய்வது, எதைக் கையில் வைத்திருப்பது, எதைக் கேட்பது என்பதை நான் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். சி.எஃப். குழந்தை இருமத்தான் வேண்டும். நுரையீரலில் ஒட்டிக்கிடக்கும் கெட்டிக் கோழை வெளியே வர வேறு வழி கிடையாது. இருமலை அடக்கும் சிரப்பை மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். வாந்தியின் கதை வேறு. அதில் சாப்பாடும் போகிறது, உப்பும் போகிறது, மருந்தும் போகிறது. இருமலை விட்டுவிட்டு வாந்தியை மட்டும் எப்படிக் குறைப்பது என்பதற்குத்தான் கீழே உள்ள எல்லாம்.

1. நோய் எதுவென்று உறுதி செய்யுங்கள்

இருமி வாந்தி எடுக்கும் எல்லாக் குழந்தைக்கும் சி.எஃப். இருக்காது. கக்குவான் இருமலிலும் இப்படி வரும், ஆஸ்துமாவிலும் வரும். ஆனால் இவற்றோடு சேர்ந்து வந்தால் சந்தேகப்படுங்கள்: அடிக்கடி நிமோனியா, நன்றாகச் சாப்பிட்டும் ஏறாத எடை, எண்ணெய் மிதப்பது போல நாற்றமடிக்கும் பெரிய மலம், முத்தம் கொடுத்தால் உதட்டில் உப்புக் கரிப்பது. என் மகனின் கறுப்புச் சட்டைக் காலரில் வியர்வை காய்ந்ததும் வெள்ளைக் கோடு கோடாக உப்புப் படியும். மூன்று வருடம் அந்தச் சட்டையைத் துவைத்தேன். அதற்கு ஒரு அர்த்தம் இருக்கும் என்று தோன்றவே இல்லை.

இதற்கான பரிசோதனை வியர்வைப் பரிசோதனை. கையில் பைலோகார்பின் என்ற மருந்தை வைத்து, லேசான மின்சாரம் கொடுத்து வியர்க்க வைப்பார்கள். சுருக்கென்று ஒரு குறுகுறுப்பு, அவ்வளவுதான். ஊசி கிடையாது. அரை மணி நேரம் வியர்வையைச் சேகரித்து அதில் குளோரைடு எவ்வளவு என்று பார்ப்பார்கள். லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் என்றால் சி.எஃப். பக்கம். 30க்குக் கீழே என்றால் பெரும்பாலும் இல்லை. நடுவில் வந்தால் மறுபடி எடுக்கச் சொல்வார்கள், மரபணுப் பரிசோதனையும் கேட்பார்கள்.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. பரிசோதனைக்கு முதல் நாளிலிருந்தே கையில் எண்ணெய், கிரீம், பவுடர் எதுவும் வேண்டாம். குழந்தைக்கு உடம்பு வீங்கியிருந்தால் முன்னாடியே சொல்லிவிடுங்கள், அந்த நேரத்தில் எடுத்தால் அளவு குறைத்துக் காட்டலாம். வியர்வை போதவில்லை என்று திருப்பி அனுப்பினால் மனம் உடையாதீர்கள். சின்னக் குழந்தைகளுக்கு அது நடப்பதுதான், இன்னொரு நாள் போய் எடுங்கள்.

நம் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி.யில் இந்தப் பரிசோதனை செய்கிறார்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், வியர்வைப் பரிசோதனைக்கு எங்கே அனுப்புவார்கள் என்று அங்கேயே கேட்டு ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

உறுதியானால் கூடப்பிறந்த குழந்தைகளுக்கும் பரிசோதனை செய்யுங்கள். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஒரே மரபணுவில் குறை வந்து சேர்ந்தால்தான் இந்த நோய் வரும். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. எங்கள் பக்கம் சொந்தத்தில் கட்டுவது சகஜம், நாங்களும் அப்படித்தான். வீட்டில் யாராவது மருமகளைக் குறை சொன்னால் இதைச் சொல்லுங்கள்: பாதி அப்பாவிடமிருந்தும் வந்திருக்கிறது.

2. ஃபைலைத் தயார் செய்யுங்கள்

ஒரு கெட்டி அட்டை ஃபைல் வாங்கி, கிளம்பும் முன்பே இவற்றைப் போட்டுவிடுங்கள்: குழந்தையின் ஆதார், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பழைய டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம், எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், இதுவரை கொடுத்த மருந்துகளின் சீட்டு. எடைக் கணக்கை மறக்காதீர்கள். அங்கன்வாடியில் எடை எழுதிய அட்டை இருந்தால் அதுவும் வேண்டும். எங்கள் டாக்டர் எக்ஸ்ரேவைவிட அந்த எடைக் கோட்டைத்தான் அதிக நேரம் பார்த்தார். எல்லாவற்றையும் செல்போனிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சி.எம்.சி.யில் பொது ஓ.பி., பிரைவேட் ஓ.பி. என்று இரண்டு உண்டு. பிரைவேட்டில் கட்டணம் அதிகம். ஆன்லைனிலேயே அப்பாயின்ட்மெண்ட் எடுக்கலாம். சீட்டில் எந்த வளாகம் என்று கட்டாயம் பாருங்கள். ஊருக்குள் இருக்கும் ஆஸ்பத்திரி ஒன்று, ராணிப்பேட்டை வளாகம் இன்னொன்று. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றுக்குப் போய்விட்டால் அரை நாள் பஸ்ஸிலேயே போய்விடும்.

முதல் தடவை ஒரே நாளில் முடியும் என்று நினைத்துப் போகாதீர்கள். எங்களுக்குப் பதிவு, டாக்டர், வியர்வைப் பரிசோதனை, பிசியோதெரபி, சாப்பாட்டு ஆலோசனை என்று நான்கு நாள் ஆனது. தூரத்திலிருந்து வருபவர்கள் காந்தி ரோடு பக்கம் லாட்ஜ் எடுத்தால் நடந்தே போய்வரலாம். அடுப்பு வைத்துச் சமைக்க விடும் அறையா என்று கேட்டு எடுங்கள். நெபுலைசர் (மருந்தைப் புகை போலாக்கி மூச்சில் இழுக்க வைக்கும் மெஷின்) கப்பைக் கொதிக்க வைக்க அடுப்பு வேண்டும்.

3. வாந்தியைப் பிரித்துப் பாருங்கள்

எனக்கு யாரும் சொல்லித் தராத விஷயம் இது. "வாந்தி எடுக்கிறான்" என்று மட்டும் டாக்டரிடம் சொன்னால் பிரயோஜனம் இல்லை. சி.எஃப்.இல் வாந்திக்குப் பல காரணம் உண்டு, ஒவ்வொன்றுக்கும் மருத்துவம் வேறு.

ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தை அடுப்பங்கரையில் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு வாந்திக்கும் ஒரு வரி போதும்: மணி என்ன, முன்னாடி இருமல் வந்ததா இல்லையா, சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆனது, வந்தது சாப்பாடா கோழையா, நிறம் என்ன, அன்று மலம் போனானா. பத்து நாள் எழுதினாலே ஒரு ஒழுங்கு தெரியும்.

விடிந்ததும் வெறும் வயிற்றில் கோழை மட்டும் வந்தால், ராத்திரி முழுக்க விழுங்கிய சளியும் மூக்கிலிருந்து தொண்டைக்கு வடிந்த சளியும் காரணமாக இருக்கலாம். அதற்கு மூக்கை உப்புநீரில் கழுவச் சொல்லிக்கொடுப்பார்கள். சாப்பிட்ட அரை மணிக்குள் இருமி, சாப்பாடு அப்படியே வந்தால் நேரத்தைத்தான் மாற்ற வேண்டும், அடுத்த படியில் சொல்கிறேன். இருமலே இல்லாமல் படுத்ததும் புளித்த வாடையோடு எதுக்களித்து வந்தால் அது அமில எதுக்களிப்பு. சி.எஃப். உள்ளவர்களுக்கு அது அதிகம், எதுக்களிப்பே மறுபடி இருமலைக் கிளப்பும். நெபுலைசர் போடும்போது மட்டும் ஓங்கரித்தால் மருந்தின் உப்பும் கசப்பும் காரணம். இரண்டு மூன்று நாளாக மலம் போகாமல், வயிறு உப்பி, வலியோடு வாந்தி வந்தால் குடலில் கெட்டிப்பட்ட மலம் அடைத்திருக்கலாம். இதை மட்டும் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள்.

ஒரு இருமல் வரிசையை முழுசாக வீடியோ எடுத்து வையுங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் குழந்தை ஒரு இருமல்கூட இருமாது.

4. நாளின் நேரத்தை மாற்றி அமையுங்கள்

எங்கள் வீட்டில் வாந்தியைப் பாதிக்கு மேல் குறைத்தது மருந்து மாற்றம்கூட இல்லை, நேர மாற்றம். "வெறும் வயித்துல புள்ளைய படுத்தாத" என்று பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு, இட்லி ஊட்டிவிட்டுத்தான் நெபுலைசரும், சளியை எடுக்க முதுகில் தட்டுவதும் செய்துகொண்டிருந்தோம். வயிற்றில் இருந்த இட்லி முழுக்க வெளியே வரும். நேரத்தைக் கேட்ட பிசியோதெரபிஸ்ட் சொன்னது ஒரே வரி: "அம்மா, சளி எடுக்கிறது முன்னாடி, சாப்பாடு பின்னாடி."

எங்கள் காலை இப்போது இப்படிப் போகிறது. 5:45க்கு எழுந்ததும் இரண்டு வாய் வெந்நீர். மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பியூட்டமால், கொஞ்ச நேரம் விட்டு உப்புநீர் நெபுலைசர். அப்புறம் இருபது நிமிடம் பிசியோதெரபி. வாய் கொப்பளித்துவிட்டு, இருந்தால் ஆன்டிபயாடிக் நெபுலைசர். கோழை வெளியே போன பிறகு அந்த மருந்தைப் போட்டால்தான் உள்ளே போய்ச் சேரும், வரிசையை மாற்றாதீர்கள். மறுபடி வாய் கொப்பளிப்பு. அரை மணி இடைவெளி. 7:45க்கு டிபன். சாயந்திரம் இதையே ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடுகிறோம். முன்னால் முடியாவிட்டால் சாப்பிட்டு ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்துச் செய்யுங்கள்.

டோர்னேஸ் ஆல்ஃபா என்ற, கோழையை நீர்க்க வைக்கும் மருந்து எழுதிக்கொடுத்திருந்தால் அதை எந்த இடத்தில் சேர்ப்பது என்று தனியாகக் கேளுங்கள். அது வேலை செய்யக் கொஞ்ச நேரம் எடுக்கும்.

உப்புநீர் 3 சதவீதம், 7 சதவீதம் என்று வரும். 7 சதவீதம் தொண்டையில் கரகரவென்று இறங்கி ஓங்கரிக்க வைக்கும். உங்கள் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், 3 சதவீதத்தில் தொடங்கி மெல்ல ஏற்றலாம். நடுநடுவே நிறுத்தி வாயில் ஊறும் எச்சிலைத் துப்பவிட்டாலே ஓங்கரிப்பு குறையும்.

தலையைக் கீழே தொங்கவிட்டு முதுகில் தட்டும் பழைய முறையைக் கைக்குழந்தைகளுக்கு இப்போது சொல்வதில்லை. வயிற்றில் இருப்பது மேலே ஏறி வரும். உட்கார வைத்தோ பக்கவாட்டில் படுக்க வைத்தோ செய்வதைக் கற்றுக்கொடுப்பார்கள். முதல் தடவை அவர்கள் செய்வதைப் பார்த்தால் மட்டும் போதாது. அவர்கள் கண்முன்னால் நீங்கள் செய்து காட்டிவிட்டு வாருங்கள். அப்பாவையும் செய்யச் சொல்லுங்கள்.

நெபுலைசர் போடும் அறையில் சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவத்திச் சுருள் கூடாது. மிளகாய் தாளிக்கும் நெடி வந்தாலே என் மகன் ஓங்கரிப்பான். அந்த ஒரு மணி நேரம் அடுப்பங்கரைக் கதவைச் சாத்திவிடுகிறேன்.

5. இருமல் வரிசை வந்துவிட்டால்

நேராக உட்கார வைத்து, லேசாக முன்னால் சாய்த்து, முழங்கையை முழங்கால் மேல் ஊன்றச் சொல்லுங்கள். மல்லாக்கப் படுத்திருந்தால் உடனே தூக்கி உட்கார வையுங்கள். புரையேறினால் உச்சந்தலையில் தட்டும் பழக்கம் நம் கையில் தானாக வரும், அதைச் செய்யாதீர்கள். நடு இருமலில் தண்ணீர் கொடுக்காதீர்கள்.

நான்கு வயதுக்கு மேல் ஆன குழந்தைக்கு ஹஃப் சொல்லிக்கொடுக்கலாம். பீரோக் கண்ணாடியில் ஆவி படிய ஊதுவோமே, அதே மாதிரி வாயைத் திறந்து "ஹா" என்று நீளமாக ஊதுவது. தொண்டையைக் கிழிக்கும் இருமலைவிட இது கோழையை நன்றாக மேலே கொண்டுவரும், ஓங்கரிப்பும் குறைவு. என் மகன் தினமும் கண்ணாடியில் ஆவி படிய வைத்து அதில் விரலால் ஒரு பஸ் வரைவான். பஸ் முழுசாக வந்தால் ஹஃப் சரியாக ஊதியிருக்கிறான் என்று எனக்குக் கணக்கு.

கோழை மேலே வந்தால் துப்பச் சொல்லுங்கள். துப்பியதும் நன்றாகச் செய்தாய் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். "சீ, துடை" என்று ஒரு முறை முகம் சுளித்தால்போதும், அதற்கப்புறம் குழந்தை விழுங்க ஆரம்பித்துவிடும். விழுங்கிய கோழைதான் நாளைக் காலை வாந்தி.

வாந்தி வந்துவிட்டால் வெறும் தண்ணீரில் கொப்பளிக்க வைத்து, அரை மணி கழித்துப் பல் துலக்குங்கள். உடனே துலக்கினால் அமிலம் பல்லைத் தேய்க்கும். இருபது முப்பது நிமிடம் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். போன சாப்பாட்டை ஈடுகட்ட வேண்டும் என்று அப்போதே தட்டை நிரப்பாதீர்கள். வாந்தியில் மருந்து போய்விட்டதா, மறுபடி கொடுக்கலாமா என்பதற்கு ஒவ்வொரு மருந்துக்கும் பதில் வேறு. அடுத்த விசிட்டில் ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டின் பின்னட்டையில் எழுதிவையுங்கள்.

எங்கே போனாலும் ஒரு பை எங்களோடு வரும்: மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, இரண்டு துண்டு, ஒரு மாற்றுச் சட்டை, தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், சாப்பாடு செரிக்கக் கொடுக்கும் என்சைம் மாத்திரை.

6. என்சைம்

கணைய நீர் குடலுக்குப் போய்ச் சேராத குழந்தைகளுக்குச் சாப்பாட்டோடு என்சைம் காப்ஸ்யூல் கொடுக்க வேண்டும். கொழுப்பும் புரதமும் உள்ள எதைச் சாப்பிட்டாலும் கொடுக்க வேண்டும், ஒரு டம்ளர் பாலுக்கும்கூட. நுங்கு, தர்ப்பூசணி, பழச்சாறு போன்றவற்றுக்குத் தேவையில்லை.

விழுங்கத் தெரியாத குழந்தைக்குக் காப்ஸ்யூலைத் திறந்து, உள்ளே உள்ள குருணைகளை ஒரு ஸ்பூன் வேகவைத்து மசித்த ஆப்பிளில் போட்டு உடனே கொடுங்கள். குருணையை நசுக்கக் கூடாது, மெல்ல விடக் கூடாது. சூடான சாதத்திலோ பாலிலோ கலக்கக் கூடாது, மேல்பூச்சு கரைந்து மருந்து வீணாகும். கொடுத்ததும் தண்ணீர் கொடுத்து வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். ஈறிலும் கன்னத்திலும் குருணை ஒட்டியிருந்தால் வாய் புண்ணாகும். புண்ணான வாயோடு குழந்தை எதை வைத்தாலும் ஓங்கரிக்கும். என் மகனின் ஓங்கரிப்பில் ஒரு பங்கு இதனால்தான் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

டப்பாவை வெயிலில் நிற்கும் பைக் பெட்டியிலோ காரிலோ வைக்காதீர்கள். அளவை நீங்களாக ஏற்றவும் வேண்டாம், எடைக்குத் தக்க ஒரு உச்ச வரம்பு இருக்கிறது.

7. உப்பும் வேலூர் வெயிலும்

எல்லாப் படியிலும் இதைத்தான் நிறுத்திப் படிக்கச் சொல்வேன். சி.எஃப். குழந்தையின் வியர்வையில் உப்பு அதிகமாகப் போகும். கத்திரி வெயிலில் நம் ஊர் 40 டிகிரியைத் தாண்டும். அதோடு வாந்தியும் சேர்ந்தால் சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூன்றும் ஒன்றாக இறங்கிவிடும்.

வைகாசி 1ஆம் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. மகனுக்கு அப்போது ஐந்து வயது. அப்பா தோளில் உட்கார்ந்து சிரசு ஊர்வலம் பார்த்தான். கூட்டத்தில் இருமி மூன்று முறை வாந்தி எடுத்தான். வழக்கமான வாந்திதானே என்று தண்ணீரும் நன்னாரி சர்பத்தும் வாங்கிக் கொடுத்தோம். சாயந்திரம் வீட்டுக்கு வந்தபோது நெற்றியில் உப்பு மாவு போலப் படிந்திருந்தது. ராத்திரி எட்டு மணிக்குக் கையைத் தூக்கிவிட்டால் துணி மாதிரி விழுந்தது. ஆம்புலன்ஸில் வேலூருக்குப் போய், டிரிப்ஸ் ஏற்றி, மூன்று நாள் இருந்தோம்.

வெறும் தண்ணீரும் சர்பத்தும் போன உப்பைத் திருப்பித் தராது. இளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் குறைவு, அதனால் அதை மட்டும் நம்பக் கூடாது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், ஒரு டம்ளரில் கொட்டக் கூடாது. டெட்ரா பேக்கில் வரும் இனிப்பு பானம் இதற்கு ஈடாகாது.

தினசரி எவ்வளவு உப்பு கூடுதலாகச் சேர்ப்பது என்று டாக்டரிடம் ஸ்பூன் கணக்கில் கேளுங்கள். வெயில் காலத்துக்கு ஒரு அளவு, மற்ற காலத்துக்கு ஒரு அளவு என்று இரண்டையும் கேளுங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கும் உப்பு வேண்டும், அந்த அளவு மிகச் சிறியது, அவர்கள் எழுதிக்கொடுத்தபடி மட்டும் கொடுங்கள். பெரிய குழந்தைக்கு நம் வீட்டுச் சாப்பாட்டிலேயே வழி இருக்கிறது: உப்புப் போட்ட கேழ்வரகுக் கூழ், நீர்மோர், ஊறுகாய், உப்புக் கண்டம். "குழந்தைக்கு இவ்ளோ உப்பா?" என்று உறவுக்காரர்கள் பதறுவார்கள். டாக்டர் சீட்டைக் காட்டிவிடுங்கள்.

8. எப்போது ஓட வேண்டும்

பச்சை நிறத்தில் வாந்தி. வயிறு உப்பி வலியோடு மலம் போகாமல் வாந்தி. குடித்த எதுவும் தங்காமல் துவண்டு போவது, சிறுநீர் குறைவது, கண் குழிவது. உதடு நீலமாவது, விலா உள்ளே இழுக்க மூச்சு வாங்குவது. இவற்றில் ஒன்று வந்தாலும் நேரம் பார்க்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

கோழையில் ரத்தம் கோடு கோடாக வந்தால் அன்றே டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். ஒரு டீஸ்பூன் அளவுக்கு ரத்தம் வந்தால் உடனே கிளம்புங்கள். அவர்களைக் கேட்காமல் நெபுலைசரும் தட்டுவதும் வேண்டாம்.

அவசரப் பிரிவில் இருக்கும் இளம் டாக்டர் சி.எஃப். குழந்தையைப் பார்த்திருக்காமல் இருக்கலாம். "இவனுக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், உப்பு இறங்கியிருக்கலாம், சோடியம் பொட்டாசியம் பாருங்கள்" என்று ஒரு அட்டையில் எழுதி, மருந்துப் பட்டியலோடு ஃபைலின் முதல் பக்கத்தில் வையுங்கள். எங்களுக்கு ஒரு இடத்தில் வெறும் வாந்தி என்று ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார்கள். அட்டையைக் காட்டிய பிறகுதான் ரத்தம் எடுத்தார்கள்.

9. செலவு

நெபுலைசர் மெஷின் 1,500 முதல் 3,000 ரூபாய்க்குள் நல்லதே கிடைக்கும். கப்பும் மாஸ்க்கும் தேய்ந்துபோகும், ஒன்று கூடுதலாக வைத்திருங்கள். தினமும் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, சுத்தமான துணியில் காற்றாட உலர்த்த வேண்டும். ஈரக் கப்பில் கிருமி வளர்ந்தால் அதன் செலவு மெஷினைப் போலப் பல மடங்கு.

மாதாமாதம் கையைக் கடிப்பது என்சைம்தான். கணக்கை இப்படிப் போடுங்கள்: மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு இரண்டு வீதம் ஆறு, இரண்டு வேளைப் பாலுக்கு ஒன்று வீதம் இரண்டு, ஆக நாளைக்கு எட்டு, மாதம் 240. அந்த எண்ணிக்கையை வைத்து இரண்டு மூன்று கடைகளில் மொத்தமாக விலை கேளுங்கள். மற்ற மருந்துகளுக்கு மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் கேட்டுப் பாருங்கள்.

குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை எடுத்துவிடுங்கள். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றும் வேண்டும். கலெக்டர் ஆபீஸில் அதற்கென்று கவுன்டர் உண்டு. குழந்தையின் பெயர் குடும்ப அட்டையில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எங்களுக்கு அது ஏறாமல் ஒரு மாதம் தள்ளிப்போனது. இந்தத் திட்டம் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குத்தான். வீட்டில் கொடுக்கும் மாத மருந்தை இதை நம்பி விட்டுவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் சேரும்போதே காப்பீட்டு கவுன்டரில் கேளுங்கள், டிஸ்சார்ஜ் அன்று கேட்டால் தாமதம்.

மரபணுப் பரிசோதனை செலவானதுதான். ஆனாலும் பணம் சேர்த்தாவது செய்யுங்கள். எந்த மரபணு மாற்றம் என்று தெரிந்தால்தான் புதிய மருந்துகள் பலன் தருமா என்று சொல்ல முடியும். 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிரைகாஃப்டா போன்றவை எல்லா மாற்றத்துக்கும் வேலை செய்யாது, விலையும் நம்மால் நினைத்துப் பார்க்க முடியாதது. 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கையில் சி.எஃப். பெயர் இருக்கிறது, சிறப்பு மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவிக்கு இடம் உண்டு. பெங்களூரில் அப்படி ஒரு மையம் இருக்கிறது, காட்பாடியிலிருந்து ரயில் ஏறினால் போய்விடலாம். மரபணு ரிப்போர்ட்டோடு உங்கள் டாக்டரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். அடுத்த குழந்தைக்கு யோசிப்பவர்களுக்கும் அந்த ரிப்போர்ட்தான் வேண்டும். கர்ப்பத்தின் 11ஆம் வாரத்துக்கு மேல் பரிசோதித்துத் தெரிந்துகொள்ள முடியும்.

10. ஓ.பி.யிலும் பள்ளிக்கூடத்திலும்

மூன்று மாதத்துக்கு ஒரு முறை விசிட். ஒவ்வொரு முறையும் சளியை, அல்லது தொண்டையில் பஞ்சுக்குச்சி வைத்து எடுத்ததை, எந்தக் கிருமி இருக்கிறது என்று பார்க்கக் கல்ச்சருக்கு அனுப்புவார்கள். அங்கே இன்னொரு சி.எஃப். குழந்தையின் அம்மாவைப் பார்த்தால் பேசத் துடிக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. போன் நம்பர் வாங்கிக்கொண்டு, போனில் பேசுங்கள். குழந்தைகள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். ஆறடி தள்ளி, மாஸ்க் போட்டு உட்காரட்டும். ஒருவர் நுரையீரலில் இருக்கும் சூடோமோனாஸ் போன்ற கிருமி இன்னொருவருக்குப் போனால் பெரிய கஷ்டம்.

மற்றக் குழந்தைகளுக்கு இந்த நோய் ஒட்டாது. பள்ளிக்கூடத்தில் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வாரமே டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கித் தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள். அதில் நான்கு விஷயம் இருந்தால் போதும்: இருமல் தொற்றாது, இருமும்போது தடுக்க வேண்டாம், சாப்பாட்டோடு மாத்திரை போட அனுமதி வேண்டும், கேட்டபோது தண்ணீருக்கும் கழிவறைக்கும் விட வேண்டும்.

வகுப்பு டீச்சரைத் தனியாகவும் பாருங்கள். வாசல் ஓரத்து பெஞ்சில் இடம் கேளுங்கள். இருமல் முட்டும்போது எழுந்து வெளியே போய் வர யாரையும் தாண்ட வேண்டியிருக்காது. எங்கள் டீச்சர் அந்த பெஞ்சுக்கு அடியில் டப்பாவும் துண்டும் வைக்க ஒரு பழைய சாக் பீஸ் பெட்டி கொடுத்தார். போன வருடம் முழுக்க அந்தத் துண்டை நான்கே முறைதான் துவைத்தேன்.